ரவுட்டர் முன்னால் ஒரு வாழைப்பழம்

ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த தேஜஸிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். எந்தக் கேபிள் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த ஸ்விட்ச் வெயில் காலத்தில் தகராறு செய்யும், எந்த டாக்டர் "நெட் இல்லை" என்று கத்தினால் முதலில் பிளக்கைப் பார்க்க வேண்டும் என்பது வரைக்கும். பையன் கெட்டிக்காரன். நான் விளக்கி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து முடித்துவிட்டான். திரும்ப அதைப் பார்த்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

போன ஆயுத பூஜை அன்று காலையில் போன் செய்தான்.

"சார், ஹவுஸ்கீப்பிங் செல்வி அக்கா ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டாந்து டேபிள்ல வெச்சிட்டுப் போயிட்டாங்க. எல்லா ரவுட்டர் முன்னாடியும் ஒண்ணு வெக்கணுமாம். யாக்கே சார், எதுக்கு?"

"வை."

"வெக்கறேன் சார். ஆனா யாக்கே? நான் சாஃப்ட்வேர்ல எவ்ளோ தேடினாலும் பழம்னு ஒரு செட்டிங் இல்லையே."

"செல்வியைக் கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன் சார். 'பெரிய சார் ஆரம்பிச்சது, வெச்சிருங்க தம்பி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பெரிய சார்னா நீங்களா?"

நான் இல்லை. பெரிய சார் என்றால் பசவராஜு. அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை, எழுதப் போவதுமில்லை. நெட்வொர்க் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொள்ளேகாலில் பிறந்தேன். மைசூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். சில வருடம் டி.வி. பழுது பார்த்தேன், சில வருடம் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் ஆளாக ஸ்கூட்டரில் அலைந்தேன். பிறகு ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர்களுக்காக உழைப்பதை நிறுத்திவிட்டேன், விளம்பரமும் அதில் அடங்கும். அங்கே எனக்கு மேலே இருந்தவர் பசவராஜு. எங்கள் டிபார்ட்மெண்ட்டே நாங்கள் இருவர்தான். ஆகவே ஒரு மேலதிகாரி, ஒரு கீழதிகாரி என்று நிர்வாகம் மிகச் சீராக இருந்தது.

இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரை நெட்டில் இணைப்பது என்றால் கடவுச்சொல்லைத் தட்டினால் முடிந்தது. முகவரியை ரவுட்டரே பார்த்துக் கொடுத்துவிடும். அப்போது பசவராஜு அதை நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நிலையான எண் முகவரி இருக்க வேண்டும் என்பார். ரவுட்டருக்கு பத்து, இருபது, முப்பது, ஒன்று. அதே தெருவில் வரவேற்பு மேஜைக்கு ஒரு கதவு எண், மருந்துக் கடைக்கு ஒன்று, ஸ்கேன் அறைக்கு ஒன்று. கடைசி எண்தான் ஆளுக்கு ஆள் மாறும். முதல் மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. "டாக்டரு வீடு மாறினா போஸ்ட்மேனுக்குச் சொல்வாரு. மெஷினு சொல்லாது" என்பார். கன்னடக்காரர். தமிழை எங்களிடம் கேட்டுக் கேட்டே பழகியவர். தனக்கு வராத இடத்தில் கன்னடத்தை வைத்து நிரப்பிக்கொண்டு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார்.

அவருடைய முறையைச் சொல்ல வேண்டும். பழுது என்று கூப்பிட்டால் போய் அவர்களுடைய நாற்காலியில் உட்கார மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். மவுஸை யார் கையிலிருந்தும் பிடுங்க மாட்டார். "நீங்களே அழுத்துங்கம்மா, நான் பாக்கறேன்" என்பார். எனக்குப் பொறுமை போய்விடும். நான் பிடுங்குகிற ரகம். அவருடைய வெள்ளை அரைக்கைச் சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு டெஸ்டர், இரண்டு மட்டும் இருக்கும். அத்தனை வருடத்தில் "யார் பண்ணினது?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "என்ன ஆச்சு? கடைசியா சரியா இருந்தப்போ என்ன பாத்தீங்க?" அவ்வளவுதான். யார் என்று கேட்டால் மனிதர்கள் பொய் சொல்வார்கள், பொய்யை வைத்துக்கொண்டு ரவுட்டரைச் சரிசெய்ய முடியாது என்பது அவர் கட்சி. பழுதுக்குக் காரணமானவர் பெயரைக் குறிக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. விதிகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். அவருக்கும் தெரியும், பெயர் எழுதும் இடத்தில் மட்டும் மறந்துவிடுவார்.

இனி அந்த ஆயுத பூஜை.

தசரா சமயத்தில் மைசூர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹெப்பாளில் ஒவ்வொரு ஃபாக்டரி வாசலிலும் பூசணிக்காய் உடைத்துச் சிவப்பாகக் கிடக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்சுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். ஸ்கேன் மெஷினுக்குச் சாமந்தி மாலை. கம்ப்யூட்டர்களுக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம். ஒரு கம்ப்யூட்டரில் நெற்றி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் திரையின் மேல் விளிம்பு என்று முடிவு செய்திருந்தார்கள்.

கேண்டீன் சமையல்காரர் முருகேசன் அன்று புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் செய்திருந்தார். செல்வியின் கணவர். இருவரும் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். செல்வி துப்புரவுப் பகுதியில் இருந்தாள். முருகேசனுக்கு எதையாவது நடித்துக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டீன் நடக்கிற நடை, ஹெட் நர்ஸ் திட்டுகிற குரல், குடிகாரன் சாம்பார் கேட்கிற விதம் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

மத்தியானம் மிச்சப் பொங்கலைத் தொன்னைகளில் போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது.

"ஏனுங்க, எல்லாரும் பாக்கறாங்க. இன்னைக்கும் குடிகாரனாட்டம் நடிக்கோணுமா?" என்று செல்வி சிரித்துக்கொண்டே அதட்டினாள்.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்தது அதிர்ஷ்டம். சற்று நேரத்தில் தலையை ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால் கை கால் திரும்பும். குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். எது என்று படம் பார்த்துச் சொல்ல வேண்டிய எங்கள் ஸ்கேன் டாக்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் பெங்களூரில் ஒரு டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தார். படம் ஸ்கேன் மெஷினிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வெளியே போகவில்லை.

டியூட்டி டாக்டர் திரையைத் தன் மொபைலில் படம் எடுத்து அனுப்பிப் பார்த்தார். தசராக் கூட்டத்தில் ஊர் முழுக்க போனில் பேசிக்கொண்டிருந்தது, ஒன்றும் நகரவில்லை. தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்த ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இதை நம்பி ஊசி போடச் சொல்ல மாட்டேன்" என்றார் பெங்களூர்க்காரர். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் சாலைகளை அடைத்திருந்தார்கள்.

"எனக்குப் படம் போகணும். வேற எதுவும் வேண்டாம்" என்றார் டாக்டர் எங்களிடம்.

நான் என் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பத்து, இருபது, முப்பது, ஒன்று. பதில் இல்லை. கேபிளை மாற்றினேன். பதில் இல்லை. பசவராஜு என் பின்னால் நின்று பார்த்தார். பிறகு வராந்தாக் கோடியில் ரவுட்டர் இருந்த அலமாரி அறைக்குப் போனார். நானும் லேப்டாப்போடு போனேன்.

அலமாரியைத் திறந்தால் உள்ளிருந்து மணம் வந்தது. ரவுட்டரின் மேல் அழகாக மூன்று குங்குமப் பொட்டு, ஒரு சாமந்தி. முதுகில், செங்குத்தாக, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரவுட்டரின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் ஒரு பொத்தான். மெல்லிய குச்சியை விட்டுச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், நாம் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் மறந்து, அது கம்பெனியிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். யாரும் தவறிப்போய் அழுத்திவிடக் கூடாது என்றுதான் பொத்தானைத் துளைக்குள் வைத்திருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் மைசூருக்கு வந்ததில்லை. ஊதுபத்தி செய்கிற ஊரில், ஆயுத பூஜை நாளில், ஊதுபத்திக்கு அளவெடுத்த மாதிரி ஒரு துளை இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யார் சொல்வது?

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். செல்வி.

"அய்யா, நெட்டு வந்துருச்சுங்களா? டாக்டரம்மா ஓடிப்போய்க் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அந்த வராந்தாவைக் கூட்டுவது செல்வி. அந்த அலமாரிக்குப் பொட்டு வைக்க வேறு யாருக்குமே தோன்றியிருக்காது. அங்கே ஒரு பெட்டி இருப்பது ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பசவராஜு திரும்பவில்லை. முதுகால் அலமாரியை மறைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் குச்சியை உருவிச் சட்டைப் பையில் பேனாவோடு செருகிக்கொண்டார். பிறகுதான் திரும்பினார்.

"கரண்டு ஏறி இறங்கியிருக்கு செல்வம்மா. இப்ப சரியாயிடும். வா, வெளியே ஸ்வல்ப உக்காரலாம்."

என்னைப் பார்த்து, "ஷண்முகா, ஆரம்பி" என்றார்.

வராந்தாவில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். செல்வி நின்றாள். அவர் தரையைத் தட்டிக் காட்டினார். அவளும் உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்தது. நான் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராக லேப்டாப்பில் செருகினேன்.

எல்லாவற்றையும் மறந்த ரவுட்டர் கம்பெனி கொடுத்த முகவரியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும். அது வேறு தெரு. நம் முகவரியிலிருந்து எத்தனை கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது. அதனால் முதல் வேலை ரவுட்டரைத் தொடுவது இல்லை. நம் கம்ப்யூட்டரின் முகவரியை மாற்றிக்கொண்டு அது இருக்கிற தெருவுக்கு நாம் குடிபோவது. நான் எத்தனையோ முறை செய்திருந்தேன். அன்று முதல் எண்ணையே இரண்டு முறை தப்பாகத் தட்டினேன்.

"செல்வம்மா, உன் யஜமானரு சட்னியில பூண்டு ஜாஸ்தி போடறாரு. கொத்தா, தெரியுமா உனக்கு?"

"இப்ப எதுக்குங்கய்யா அதெல்லாம்…"

"எழுந்து வந்ததும் நான் சண்டை போடணும். நீ சாட்சிக்கு வேணும்." தலையைத் திருப்பாமலே குரலைச் சற்று உயர்த்தினார். "ஷண்முகா, நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்ணு. கடைசில ஒண்ணு போடாதே. அது ரவுட்டரோட மனெ, ரெண்டு பேரு ஒரே வீட்ல இருக்க முடியாது. நீ ஐம்பது போட்டுக்கோ."

"போட்டாச்சு சார்."

"யாருகிட்டங்க பேசறீங்க?" என்றாள் செல்வி.

"உள்ளே ஒரு பொட்டி கோவிச்சிட்டு உக்காந்திருக்கு. அது நம்ம தெருவுக்கு வராது. ஷண்முகன் அது தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டறான்."

"தொறந்துச்சுங்களா?"

திறந்தது. திரையில் ரவுட்டரின் பக்கம் வந்தது. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனேன். எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. நெட் இணைப்பின் பயனர் பெயர் எனக்குத் தெரியும். கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை யார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று எனக்கு முதல் நாளே பாடம் எடுத்தவர் அவர்.

"சார், பாஸ்வேர்ட்."

"சுநந்தா. மொதல் எழுத்து பெரிசு" என்றார், சத்தமாக.

"யாருங்கய்யா சுநந்தா?"

"எங்க வீட்டம்மா."

அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டாள். உடனே மறுபடி அழுதாள். "நல்ல பேருங்க" என்றாள் நடுவில்.

கடைசிக் கட்டம் மிச்சம். ரவுட்டரை நம் தெருவுக்குத் திருப்பி அழைத்து வர வேண்டும். அதன் முகவரியை பத்து, இருபது, முப்பது, ஒன்று என்று மாற்றிச் சேமித்த நொடியில் திரை செத்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் அங்கே பயந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அது நம் தெருவுக்கு வந்துவிட்டது, நாம்தான் இன்னும் அதன் தெருவிலேயே நிற்கிறோம். லேப்டாப்பின் முகவரியையும் பழையபடி மாற்றிவிட்டுக் கூப்பிட்டேன்.

பதில் வந்தது. அணைந்திருந்த விளக்கு பச்சையாயிற்று.

"ஆய்த்து சார்" என்றேன். அவசரத்தில் எனக்கும் கன்னடம்தான் வந்தது.

படம் போயிற்று. அடைப்புதான், ரத்தக்கசிவு இல்லை என்று பெங்களூரிலிருந்து சொன்னார்கள். ஊசி போட்டார்கள். செல்வி ஐ.சி.யூ. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் பழுதின் காரணத்தை எழுத நான் உட்கார்ந்தேன்.

"கரண்ட் ப்ராப்ளம்னு எழுது" என்றார்.

"சார், அது பொய். விதிப்படி…"

"யாருக்கு எழுதறோம் ஷண்முகா? ரவுட்டருக்கா? அதுக்கு வாசிக்க பரல்லா, வராது." நாற்காலியில் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு இனிமே தெனமும் அவரு கையைப் பாக்கணும். தெரிஞ்சுகிட்டுப் பாக்கணுமா?"

எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அது. அதை மேலதிகாரி உத்தரவின்பேரில், முறைப்படி எழுதினேன்.

முருகேசன் நடந்தே வீட்டுக்குப் போனார். பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது, திரும்பாமல் இருந்தால் சிலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் கொஞ்சம் மந்தமாகவே நின்றுவிட்டன. தோசை வட்டமாக வராது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். "கர்நாடகா மேப் வேணுமா, தமிழ்நாடு மேப் வேணுமா?" என்று கேட்டுத்தான் இன்றைக்கும் தட்டில் போடுகிறார். எல்லோரும் சிரிப்பார்கள். பசவராஜு மட்டும் அந்தத் தோசையைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பிட்டுச் சாப்பிடுவார்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் காலையிலேயே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஒவ்வொரு ரவுட்டர் முன்னாலும், துளைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பழம். ஊதுபத்தி குத்த வாகாக. "இனிமே வருசா வருசம் இப்படித்தான் செல்வம்மா. பத்தியைப் பழத்துல குத்து. பொட்டிக்கு நல்லது" என்றார். அலமாரிக்குள் எரிகிற பத்தி வைப்பதே தீயணைப்பு விதிப்படி தவறு என்று நான் சொல்லிப் பார்த்தேன். பூஜையை நிறுத்த முடியாது, துளையை அடைக்கவும் முடியாது, பழம் வைக்கலாம் என்றார். செல்வி ஒன்றும் கேட்காமல் சீப்பை வாங்கிக்கொண்டாள்.

சில வருடங்களுக்கு முன் பசவராஜு காலமானார். நானும் செல்வியும் பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போனோம். சுநந்தா அம்மாவிடம் செல்வி நெடுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம்.

"ண்ணா, அன்னைக்கு அய்யா சட்டைப் பையில சேப்பா கறை இருந்துச்சு, நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

"ஊதுபத்திக் குச்சிச் சாயமுங்க. வேர்வையில ஊறி இறங்கியிருந்துச்சு. பக்கத்துல உக்காந்தப்பவே பாத்துட்டனுங்க. மறுநாள் போய் அலமாரியத் தொறந்து பாத்தேன். நான் வெச்ச பொட்டு இருக்குது, பூவு இருக்குது, குச்சி மட்டுமில்லை."

"இத்தனை வருஷமா ஏன் செல்வி சொல்லலை?"

"எப்படிங்கண்ணா சொல்றது? வீட்டம்மா பேரையெல்லாம் சத்தமாச் சொல்லி மறைச்சாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு மனசு என்ன பாடுபடும்? அதான் பழத்தைக் குடுத்தா வாங்கிக்கிட்டேன்."

"முருகேசனுக்கு?"

"தெரியாதுங்க. நான் மறைச்சு வெச்சிருக்கேன்." பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சீக்கிரமே படம் போயிருந்தா அந்த ரெண்டு வெரலும் வந்திருக்குமாங்கண்ணா?"

பசவராஜு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். என்ன ஆச்சு என்பதை மட்டும் சொன்னேன்.

"ஊசியை நேரத்துக்குள்ள போட்டாங்க. அவர் நடந்து வீட்டுக்கு வந்தார். இன்னைக்குக் காலையில தோசை சுட்டார்."

செல்வி தலையாட்டினாள். பஸ் வந்தது.

இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். பெயர்களை மாற்றிவிட்டு எழுதச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு கன்னட மீடியமுங்க, தமிழ் எழுத்துன்னா ஒரு எழுத்து தெரியாது. ஆனா ஒண்ணு. பெரிய சார் மறைச்சது வீணாப்போச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க."

எழுதவில்லை.

தேஜஸும் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. ஆகவே அவன் கேட்ட கேள்விக்கான பதில் இங்கே அச்சில் இருந்தும் அவனுக்குப் பயனில்லை. அன்று காலையில் அந்தப் போனிலேயே இவ்வளவுதான் சொன்னேன்:

"பழத்தை ரவுட்டரிலிருந்து கொஞ்சம் தள்ளி வை. பத்தியைச் செல்வி அக்கா குத்துவாங்க. அவங்க முடிச்சிட்டுப் போற வரைக்கும் பக்கத்துல நில்லு. ஒண்ணும் கேக்காதே."

"அஷ்டேனா சார்?"

"அஷ்டே" என்றேன். அவ்வளவுதான்.